இடது முன்சக்கரம்

எங்கள் பெரியப்பா ஓட்டிய கார் பாடும் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். எல்லாக் கார்களும் பாடுமா, அது ஒன்றுதான் பாடுமா என்று ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு வழியில்லை. எங்கள் ஊருக்குள் வந்துபோன கார் அது ஒன்றுதான். மிராசுதார் வீட்டுக் கார். கறுப்பு நிறம், உருண்டையான முதுகு, தவளைக் கண் போல இரண்டு விளக்குகள். மிராசுதாரின் தகப்பனார் காலத்தில் வாங்கியது. ஊரில் அதைப் பிளசர் என்பார்கள். அதில் யாருக்கு என்ன சுகம் என்று யாரும் கேட்டதில்லை.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். எங்கள் தெருவில் அத்தனை பேரும் வயல் வேலைக்குப் போனவர்கள். பெரியப்பா மட்டும் சின்ன வயதிலேயே அந்தக் காரைக் கழுவும் வேலைக்குப் போய், தள்ளும் வேலைக்கு உயர்ந்து, இருந்த டிரைவர் கோபித்துக்கொண்டு போன ஒரு நாளில் ஓட்டும் வேலையையும் பெற்றுக்கொண்டார். பெரியம்மா இறந்த பிறகு அவருக்கு வீடு என்று ஒன்று இல்லை. கார்க்கொட்டகையிலேயே காருக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுக்கட்டில். பிள்ளைகள் இல்லை. அந்தக் குறைக்கு நான் இருந்தேன்.

நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆற்றங்கரை ரோட்டில் நடந்து போய் வருவேன். மிராசுதாரை ரயிலடியில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் நாட்களில் பெரியப்பா என்னை வழியில் ஏற்றிக்கொள்வார். சீட்டில் உட்கார விடமாட்டார். பின்சீட்டுக்குக் கீழே, தரையில் உட்காரச் சொல்வார். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்பதுதான் காரணம். எனக்கோ அதுதான் மரியாதையான இடம் என்று எண்ணம். ஏனென்றால் அங்கேதான் பாட்டு நன்றாகக் கேட்கும். தரைத்தகட்டில் காதை வைத்தால், உம்ம்ம் என்று மூச்சு விடாமல் ஓர் ஓசை. வண்டி வேகம் எடுத்தால் சுருதி ஏறும். வலது பக்கம் திரும்பினால் உரத்துப் பாடும். இடது பக்கம் திரும்பினால் குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.

பெரியப்பாவும் அதைக் கேட்பார். ஆள் இல்லாத இடத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே சாய்த்துக்கொண்டு, ஸ்டியரிங்கை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைப்பார். கார் ரோட்டில் நெளிந்து நெளிந்து போகும். எனக்காகத்தான் காரை ஆடவிடுகிறார் என்று சந்தோஷம் தாங்காது. கைதட்டுவேன். அவர் சிரிக்கமாட்டார். ஊர் எல்லைக்கு முன்னால் என்னை இறக்கிவிட்டு, தானும் இறங்கி, இடது முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் இரும்பு மூடியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. தொட்டதும் கையை உதறிக்கொள்வார்.

"சுடுதா பெரியப்பா?"

"ஆமாம்மா. நீ வீட்டுக்கு ஓடு."

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. வாய்க்கால் பாலம் ஒன்று உடைந்து, அறுவடைக்காலம் வரைக்கும் உடைந்தபடியே கிடந்தது. கார் தண்ணீரில் இறங்கித்தான் ஏற வேண்டும். சென்னையில் ஆட்சி மாறியிருந்த காலம். டீக்கடைகளில் எல்லோரும் பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக்குக் குறையிருக்காது என்று கோட்டையிலிருந்து சொன்னது எங்கள் தெருவரைக்கும் கேட்டது. கேட்டதோடு நின்றுவிட்டது. சம்பா முற்றித் தலைசாய்ந்த நேரத்தில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு முழுவதும் அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு உட்கார்ந்தது. அப்பா முன்னால் நின்றவர்களில் ஒருவர். மிராசுதாரை 'ஆண்டே' என்று கூப்பிடுவதை விட்டு 'ஐயா' என்று கூப்பிட வேண்டும் என்று தெருவில் பேசி முடிவு செய்ததும் அந்தச் சமயத்தில்தான். வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து அறுப்போம் என்று மிராசுதார்கள் சொன்னார்கள். மதகடியில் போலீஸ் கூடாரம் போட்டது.

பெரியப்பா மட்டும் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பா ஒருநாள் கொட்டகைக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். "எங்க வயித்துல அடிக்கிறவனை நீ கூட்டிக்கிட்டுத் திரியுற" என்று சொன்னாராம். பெரியப்பா என்ன சொன்னார் என்று தெரியாது. அதற்குப் பிறகு அண்ணன் தம்பி பேச்சு நின்றுவிட்டது. தெருவில் பெரியப்பாவின் பெயரை எடுத்தால் ஆட்கள் எச்சில் துப்பினார்கள். நான் ஆற்றங்கரை ரோட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கார் என்னைத் தாண்டிப் போகும். நிற்காது.

ஒரு சாயங்காலம் மதகடியில் தெரு ஜனம் கூடி நின்றதால் கார் நின்றுவிட்டது. மிராசுதார் இறங்கி சப்-இன்ஸ்பெக்டரோடு பேசப் போனார். பெரியப்பா சக்கரத்துப் பக்கம் குந்தினார். கூட்டத்தில் நின்ற அப்பாவும் கொஞ்ச நேரத்தில் அங்கே போய்க் குந்தினார். நான் அம்மாவின் இடுப்பருகில் நின்று பார்த்தேன். இரண்டு பேருடைய முதுகும் ஒரே மாதிரி இருந்தது. என்ன பேசிக்கொண்டார்களோ, அப்பா கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்தார். அவர் முகம் எப்போதும் போலக் கடுகடுவென்று இல்லாததை அம்மா கவனித்தாள். அப்பா அங்கே குந்தியிருந்ததை மிராசுதாரின் காரியக்காரரும் கவனித்திருக்கிறார். அவர் வந்த நேரத்தில் பெரியப்பா எழுந்து டிக்கியைத் திறக்கப் போயிருந்தார். சக்கரத்தடியில் குந்தியிருந்த அப்பாவை மட்டுந்தான் காரியக்காரர் கண்டார்.

மறுநாள் காலையில் கார் அதே இடத்துக்குச் சற்று முன்னால், வலப்பக்கம் வளைகிற திருப்பத்தில், இடது முன்சக்கரம் மடங்கி, ரோட்டை விட்டு இறங்கி வாய்க்காலில் மூக்கை வைத்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் கொஞ்சந்தான். மிராசுதாருக்குத் தோளில் அடி. பெரியப்பாவின் நெற்றி கிழிந்து காக்கிச் சட்டையில் ரத்தம்.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் போலீஸ்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவை இழுத்துக்கொண்டு போனார்கள். கையை அவருடைய துண்டாலேயே பின்னால் கட்டி, மதகுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். சக்கரத்து நட்டைத் தளர்த்திவிட்டு மிராசுதாரைக் கொல்லப் பார்த்ததாகக் குற்றம். அந்தப் பருவத்தில் போலீஸ் வேனில் ஏறிப் போனவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அதற்குப் பிறகு நிமிர்ந்து நடக்கவே இல்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தெரு முழுவதும் பின்னால் ஓடி வந்தது.

"நேத்து சக்கரத்துகிட்ட உனக்கு என்ன வேலை?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"துண்டு விழுந்துச்சுங்க. எடுத்தேன்" என்றார் அப்பா.

"துண்டு எடுக்க அவ்ளோ நேரமா?"

அப்பா சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். பெரியப்பாவோடு பேசினேன் என்று ஏன் சொல்லவில்லை என்று எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் கெட்டவரா நல்லவரா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. தூக்கம் இல்லாதவர் என்று மட்டும் சொல்லலாம். மெக்கானிக் பார்த்துச் சொன்னால்தான் கேஸ் கோர்ட்டில் நிற்கும் என்று சொல்லி, மன்னார்குடியிலிருந்து ஒருவரை வரவழைத்தார். அவர் வந்து சேர உச்சிவெயில் ஆகிவிட்டது. பாய் ஒருவர். வெள்ளைத் தொப்பி, சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. எங்கள் ஊரை அவர் பார்த்ததே இல்லை, எங்கள் சண்டையும் அவருக்குத் தெரியாது. வந்தவர் யாரையும் பார்க்காமல் நேரே காரைப் பார்த்தார்.

"இது மடங்கிப்போச்சு. அப்புறம் பாக்கலாம். முதல்ல நல்லா இருக்கிற சக்கரத்தைப் பாப்போம்" என்றார்.

"உடைஞ்சதைப் பாக்கக் கூப்பிட்டா..." என்று காரியக்காரர் ஆரம்பித்தார்.

"ரெண்டும் ஒண்ணா ஓடின சக்கரந்தானுங்களே" என்றார் பாய்.

பின்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்துவிட்டு, ரோட்டில் நின்ற வலது முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தின் தலையில் ஒரு கை, அடியில் ஒரு கை. உள்ளே தள்ளி வெளியே இழுத்தார். டக், டக் என்று சத்தம் வந்தது. பல் ஆடுகிற மாதிரி சக்கரம் ஆடியது.

"டிரைவர் யாரு? ஏறி பிரேக்கை மிதிங்க."

பெரியப்பா சாய்ந்து கிடந்த காருக்குள் ஏறி மிதித்தார். பாய் மறுபடியும் ஆட்டினார். சத்தம் ஏறக்குறைய நின்றுவிட்டது.

"பாத்துக்குங்க சார்" என்று சப்-இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். "பிரேக் பிடிச்சா ஆட்டம் நிக்குது. அப்ப பேரிங்தான் லூசு. நிக்காம ஆடினா உள்ள இருக்கிற கிங்பின் தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம். இதுல கொஞ்சம் அதுவும் இருக்கு. இப்ப பிரேக்கை விடுங்க."

சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டார். உம்ம்ம் என்று, சொரசொரப்பாக, எனக்குத் தெரிந்த குரல். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு கேட்ட சந்தோஷத்தில், "பெரியப்பா, பாடு..." என்று நான் கத்தத் தொடங்கினேன். அம்மாவின் உள்ளங்கை வந்து என் வாயை அப்படியே பொத்திவிட்டது. மூச்சு முட்டியது. "போலீஸ் நிக்குது, வாயைத் தொறக்காதே" என்றாள் காதோரம். ஒரு பாட்டைப் பற்றிச் சொல்வதில் என்ன குற்றம் என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு பாய் வாய்க்காலில் இறங்கி மடங்கிய சக்கரத்தைப் பார்த்தார். வெளி நட்டுகள் எல்லாம் இறுக்கமாக இருந்தன. நடுமூடியைத் தட்டிக் கழற்றினார். உள்ளே பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் பெரிய நட்டு, அதன் குறுக்கே மடக்கி விட்ட ஊசி. "ஊசி துருப்பிடிச்சு அப்படியே இருக்கு. இந்த நட்டை யாரும் தொடலை" என்றார். பேரிங் துண்டு துண்டாக வந்தது. இரும்பு வெந்து நீலம் பாய்ந்திருந்தது. கிரீஸ் காய்ந்து கரியாகி, அதில் மணல் நறநறத்தது.

"மணல்!" என்றார் காரியக்காரர். "மூடியைத் தொறந்து மணலைப் போட்டிருக்கானுங்க!"

பாய் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். "தண்ணியில இறங்கி ஏறினாலும் மணல் வரும். யாராச்சும் போட்டாலும் வரும். எதுன்னு நான் சொல்ல முடியாதுங்க. ஆனா தண்ணியால கெட்டிருந்தா ரொம்ப நாளா சத்தம் போட்டிருக்கும். அதை ஓட்டினவரைத்தான் கேக்கணும்."

எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். மிராசுதார் கையைக் கழுத்தில் கட்டிய துணியில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்: "வண்டி நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு. சொல்லு."

பெரியப்பா தம்பியைப் பார்க்கவில்லை. எங்களையும் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஐப்பசி மழையிலேர்ந்து கத்துதுங்க. உடைஞ்ச பாலத்துல தண்ணியில இறக்கி இறக்கி ஏத்தினதுதான். வலது பக்கம் திருப்பினா ஜாஸ்தியா கேக்கும். கொஞ்ச நாளா ஸ்டியரிங்கும் நடுங்கிச்சு."

"ஓனர்கிட்ட சொன்னியா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

வாய்க்காலில் ஒரு கொக்கு நடந்துகொண்டிருந்தது.

"சொன்னேங்க. அறுப்பு முடியட்டும்னு ஐயா சொன்னாங்க. வண்டியை எடுக்க மாட்டேன்னு நான் ஒரே பிடியா நின்னிருக்கணும். நிக்கலை. அது என் தப்புங்க."

ஐயா என்று அவர் சொன்னதைத் தெரு கவனித்தது. ஒரு சலசலப்பு ஓடியது.

"அப்ப உன் தம்பி நேத்து சக்கரத்துகிட்ட என்ன பண்ணினான்?"

"நான்தாங்க கூப்பிட்டேன். எப்படிச் சுடுது தொட்டுப் பாருடான்னு." என்றார் பெரியப்பா. "அவன் என்கிட்ட பேசி ரொம்ப நாளாச்சு. வேற என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியலைங்க."

தரையில் உட்கார்ந்திருந்த அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். கை பின்னால் கட்டியிருந்ததால் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அம்மா கூட்டத்தை விட்டு வெளியே வந்து, போலீஸ்காரரைத் தாண்டிப் போய், முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் மிராசுதாரிடம் போய்த் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். "நிக்காதுங்க" என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. திரும்பி வந்து, "அவுத்து விடுய்யா" என்று சொல்லிவிட்டு மர நிழலுக்குப் போய்விட்டார்.

மிராசுதார் எழுந்தார். பெரியப்பாவிடம், "சாவியைக் குடுத்துட்டுப் போ" என்றார்.

"வண்டியை ரோட்டுல ஏத்திட்டுத் தர்றேங்க" என்றார் பெரியப்பா.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, காரின் மூக்கில் தோளைக் கொடுத்தார். கார் அசையவில்லை. மறுபடியும் கொடுத்தார். நெற்றியில் கட்டியிருந்த துணியில் ரத்தம் புதிதாகக் கசிந்தது. அப்போதுதான் கட்டவிழ்ந்த அப்பா, மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நேரே வாய்க்காலில் இறங்கி அண்ணனுக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தார். அப்புறம் ஒருவர் இறங்கினார். அப்புறம் வாய்க்கால் முழுவதும் எங்கள் தெரு ஆட்கள். யாரோ ஒருவர் சேற்றுக்குள்ளிருந்து, "இதுக்குப் பழைய கூலியா, புதுக் கூலியான்னு கேட்டுக்கிட்டுத் தூக்குங்கப்பா!" என்று சத்தம் போட்டார். கூட்டம் சிரித்தது. நிழலில் இருந்த சப்-இன்ஸ்பெக்டரும் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஐலசா போட்டுத் தூக்கினார்கள். வேலைநிறுத்தம் செய்த தெரு, அந்தப் பருவத்தில் மிராசுதாருக்குச் செய்த ஒரே வேலை அதுதான்.

அண்ணனும் தம்பியும் அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசியதாக நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் நன்றி என்ற சொல்லைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறோம். அப்பா அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தார். நிமிர்ந்து நடந்தார். கூலியும் ஒருவழியாகக் கொஞ்சம் கூடியது. என்னைத் தஞ்சாவூருக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். நான் வாத்தியாரம்மா ஆனதும், பென்ஷன் வாங்கிக்கொண்டு இதை எழுதுவதும், பெரியப்பா சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்ன அந்தச் சில வாக்கியங்களால்தான். அவரை வேறு எந்த மிராசுதாரும் டிரைவராக வைத்துக்கொள்ளவில்லை. வயல் வேலை அவருக்குப் பழக்கம் இல்லை. பெண்கள் அறுத்து முடித்துக் கரையேறிய பிறகும் அவர் தன் பங்கில் பாதியில் நிற்பார். அரிவாள் பட்டு விரல்களில் எப்போதும் துணி சுற்றியிருக்கும். நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பொழுது சாயும் நேரத்தில் பெரியப்பா ஒரு தகரப் பெட்டியோடும் கயிற்றுக்கட்டிலோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. விருந்துக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

"எத்தனை நாள் இருப்பீங்க பெரியப்பா?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள். அவர் என் தலையில் கை வைத்து, "நீ போன்னு சொல்ற வரைக்கும்" என்றார்.

இவ்வளவு பெரிய அதிகாரம் என் கையில் வந்து சேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்று முதல் நாக்கை மிக ஜாக்கிரதையாக வைத்துக்கொண்டேன். அவர்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வராமல் பார்த்துக்கொண்டேன். காலையில் அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பும்போது அம்மா, "போயிட்டு வாங்க" என்பாள். எனக்குப் பகீரென்று இருக்கும். அவள் சொன்னதை அழிக்கிற மாதிரி வாசலுக்கு ஓடிப்போய், "வாங்க பெரியப்பா, வாங்க!" என்று மட்டும் கத்துவேன். அவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நடப்பார். சாயங்காலம் தவறாமல் திரும்பி வந்துவிடுவார். நான்தான் அவரை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.